வரிசையில் முதல் பெயர்: லாரி ஆட்லரின் மவுத் ஆர்கன் கதை

இந்த எபிசோடை ஒரு பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்டிங் பாடிய 'ஷேப் ஆஃப் மை ஹார்ட்', 1993-ல் வந்தது. நம்மில் பாதிப் பேருக்கு அந்த கிட்டார் 'லூசிட் ட்ரீம்ஸ்' வழியாகத்தான் தெரியும். 2018-ல் ஜூஸ் வேர்ல்ட் பாடிய அந்தப் பாட்டு, இதே கிட்டார் இசைமேல் கட்டினதுதான். 'லியோன்' படம் பார்த்தவங்களுக்கு, படம் முடியும்போது ஓடுற பாட்டுன்னு சொன்னா உடனே ஞாபகம் வரும்.

அந்தப் பாட்டில் ஒரு மவுத் ஆர்கன் வரும். யாரோ தூரத்திலிருந்து பேசுற மாதிரி ஒரு சத்தம். அதை வாசித்தவர் அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெயர் லாரி ஆட்லர். அமெரிக்காவில் பிறந்து, புகழின் உச்சியில் இருந்தபோது வேலை கிடைக்காமல் போய், லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே அரை நூற்றாண்டு வாழ்ந்து இறந்தவர்.

பொதுவா அமெரிக்காவுக்குப் போனவங்க கதையைத்தான் நாம் கேட்டிருப்போம். இது அமெரிக்காவிலிருந்து கிளம்ப வேண்டி வந்த ஒருத்தர் கதை. ஒரு பெயர் எங்கே எழுதப்படுது, எங்கே அழிக்கப்படுதுங்கிறதைப் பற்றிய கதையும்தான்.

க்யூவின் கடைசி ஆள்

ஆட்லர் குடும்பம் ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். அவங்க வீட்டில் சொல்லப்பட்ட ஒரு கதை இருக்கு. தாத்தாவின் உண்மையான குடும்பப் பெயர் ஸெலகோவிச். ஆங்கிலத்தில் எழுதினா 'இசட்'டில் ஆரம்பிக்கும். குடியேற்ற அலுவலகத்தில் அகரவரிசைப்படி கூப்பிடுவாங்க. எப்பவும் கடைசி ஆள் இவர்தான். வெறுத்துப்போய், 'ஏ'யில் ஆரம்பிக்கும் ஒரு பெயருக்கு மாறிவிட்டார்: ஆட்லர்.

குடும்பக் கதைதான். அதில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

1914 பிப்ரவரி 10. பால்டிமோர் நகரத்தில் லாரி பிறக்கிறார். அப்பா பிளம்பர். பையனுக்கு இசை நல்லா வருது என்று, பீபாடி என்ற பெரிய இசைப் பள்ளியில் பியானோ படிக்கச் சேர்த்தாங்க. அங்கே நிலைக்கவில்லை. ஒரு மாணவர் நிகழ்ச்சியில் க்ரீக் என்ற இசையமைப்பாளரின் படைப்பை வாசித்திருக்க வேண்டும். மேடையில் இருந்த ஆசிரியை சின்னப் பையனிடம் பேசும் குரலில் ஏதோ கேட்க, இவருக்குச் சுருக்கென்றது. க்ரீக்கை விட்டுவிட்டு, அப்போது தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு காமெடிப் பாட்டை வாசித்துவிட்டார். பள்ளியிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். இதை ஆட்லர் கடைசிவரை பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

1927-ல், 13 வயதில், 'பால்டிமோர் சன்' பத்திரிகை நடத்திய மவுத் ஆர்கன் போட்டியில் பரிசு வாங்கினார். எல்லாப் பசங்களும் ஜனரஞ்சகமான மெட்டுகளை வாசிக்க, இவர் பீத்தோவனின் ஒரு மினுவெட்டை வாசித்தார். கிளாசிக்கல் பள்ளியில் சினிமாக் கொட்டகைப் பாட்டு, மவுத் ஆர்கன் போட்டியில் பீத்தோவன். ஆளு எப்படின்னு இப்பவே புரிஞ்சிருக்கும்.

அடுத்த வருஷமே வீட்டைவிட்டு நியூயார்க்குக்கு ஓடிப்போனார். அங்கே போரா மினெவிச் என்பவர் மவுத் ஆர்கன் கலைஞர்களின் ஒரு பெரிய குழு வைத்திருந்தார். அவரும் கீவ் பக்கத்திலிருந்து வந்த குடியேறிதான். அவர்முன் வாசித்துக் காட்டினார் ஆட்லர். மினெவிச் மூஞ்சிக்கு நேராகவே மட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனாலும் ஊருக்குத் திரும்பவில்லை. தியேட்டர்களில் படங்களுக்கு நடுவே மேடையேறி வாசிக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் ஏறினார்.

பாக்கெட்டுக்குள் 48 நாக்கு

இங்கே ஒரு நிமிஷம் கருவியைப் பார்த்துவிடலாம். நான் இன்ஜினியர், உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம என்னால நகர முடியாது.

கடையில் கிடைக்கிற சாதாரண பத்து ஓட்டை மவுத் ஆர்கன் ஒரே ஒரு சுருதிக்கு ஏற்றது. ச-வும் ரி-யும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அரைச் சுரம் நேரடியாகக் கிடைக்காது. நல்ல வாசிப்பாளர்கள் மூச்சை வளைத்துச் சில சுரங்களைப் பிடிப்பார்கள். ஆட்லர் வாசித்தது குரோமேட்டிக் வகை. அதில் 12 ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் நான்கு உலோக நாக்குகள். ஊதினால் ஒன்று அதிரும், உறிஞ்சினால் இன்னொன்று. பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் காற்று வேறு இரண்டு நாக்குகளுக்குத் திரும்பி, சுரம் அரைப்படி ஏறும். 12 பெருக்கல் 4, மொத்தம் 48 நாக்குகள். மூன்று ஸ்தாயி. பியானோவில் இருக்கும் கருப்பு, வெள்ளை எல்லாக் கட்டைகளும் உங்க சட்டைப் பாக்கெட்டுக்குள்.

ஆனா ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே நேரத்தில் ஊதவும் உறிஞ்சவும் முடியாது இல்லையா? அதனால ஊதுற சுரம் ஒன்றையும் உறிஞ்சுற சுரம் ஒன்றையும் சேர்த்து வாசிக்கவே முடியாது. இந்தக் கருவிக்கு இசை எழுதுறவர் எந்தச் சுரம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சு எழுதணும். அதனாலதான் பெரிய இசையமைப்பாளர்கள் அதுவரை இதைத் தொடவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை இது பொம்மைக் கடை சரக்கு.

கருவிக்கும் குடியேறிகளுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியின் ட்ரோசிங்கன் என்ற சின்ன ஊரில் 1857-ல் தொடங்கின ஹோனர் நிறுவனம், மலிவான மவுத் ஆர்கன்களை மூட்டை மூட்டையாக அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது. கப்பலில் போகிறவன் பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதை முடியும்.

இன்னொரு விஷயம். ஆட்லர் இதை 'ஹார்மோனிகா' என்று சொல்ல விரும்பவில்லை. 'மவுத் ஆர்கன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாமும் அப்படித்தானே சொல்றோம்? அதனால இந்த எபிசோடு முழுக்க மவுத் ஆர்கன்தான்.

மேடையில் இரண்டு பேர்

1934-ல் சி. பி. காக்ரன் என்ற நாடகத் தயாரிப்பாளர் ஆட்லரை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 20 வயதில் அங்கே ஸ்டாராகிவிட்டார். ரசிகர் மன்றங்கள் முளைத்தன. சினிமா வாய்ப்புகளும் வந்தன. இத்தனைக்கும் அவருக்கு இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்ததுதான். 1940 வாக்கில்தான் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் அவருக்கென்றே இசை எழுதியவர்கள் யார் என்று பாருங்க. 'கரீபியன் கச்சேரி'யை எழுதிய ஜான் பெர்கர், ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியைவிட்டு வெளியேறிய யூதர். 1942-ல் 'ஸ்வீத் ஆங்லேஸ்' எழுதிய டேரியுஸ் மியோ, நாஜிகள் பிரான்ஸைப் பிடித்தபோது தப்பிக் கலிஃபோர்னியா வந்தவர். அன்றைக்கு அமெரிக்காதான் எல்லாரும் ஓடி வருகிற இடம்.

1940-களில் ஆட்லருக்கு ஒரு ஜோடி கிடைத்தது: பால் டிரேப்பர், டேப் நடனக் கலைஞர். பாக் இசைக்கு டேப் ஆடுகிறவர். பாமரக் கருவி, பாமர நடனம், இரண்டையும் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோன இரண்டு பேர். அரங்கங்கள் நிறைந்தன. போரின்போது நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியோடு ஆட்லர் படைமுகாம்களுக்குப் போய் வீரர்களுக்கு வாசித்தார்.

போர் முடிந்தது. காற்று மாறியது.

ஒரு கடிதம் போதும்

1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று விசாரிக்க ஆரம்பித்தது. அதை எதிர்த்து ஹம்ஃப்ரி போகார்ட், லாரன் பகால் போன்ற நட்சத்திரங்கள் ஒரு குழு அமைத்தார்கள். ஆட்லரும் அதில் இருந்தார். 1948 தேர்தலில் இடதுசாரிப் பக்கம் நின்ற ஹென்ரி வாலஸை ஆதரித்தார். இதையெல்லாம் அவர் மறைக்கவே இல்லை.

1948 கடைசியில் ஆட்லர்–டிரேப்பர் ஜோடிக்கு கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் என்ற ஊரில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடானது. அந்த ஊர்ப் பெண் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: இவர்கள் இரண்டு பேரும் கம்யூனிஸ்டுகளுக்கு ஆதரவானவர்கள், இவர்களுக்கு நாம் கொடுக்கும் காசு மாஸ்கோவுக்கு உதவும் என்கிற பாணியில். நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதைத் தூக்கிக்கொண்டன. நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாக ஆரம்பித்தன.

இரண்டு பேரும் அவதூறு வழக்குப் போட்டார்கள். 1950 வசந்த காலத்தில் ஹார்ட்ஃபோர்டில் விசாரணை நடந்தது. ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கேஸ் அப்படியே நின்றுபோனது. ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தில் 'டிரா' ஆனா அது தோல்விதான். சந்தேகம் போகாது.

1950 ஜூனில் 'ரெட் சேனல்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. அரசு வெளியிட்டதல்ல, ஒரு தனியார் வெளியீடு. வானொலி, தொலைக்காட்சித் துறையில் இருக்கும் 151 பேரின் பெயர்கள், ஒவ்வொருத்தரும் எந்தெந்த அமைப்போடு தொடர்பில் இருந்தார் என்ற பட்டியலோடு. ஆர்சன் வெல்ஸ், லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், ஆர்தர் மில்லர் எல்லாரும் அதில் உண்டு.

பெயர்கள் அகரவரிசையில் இருந்தன. முதல் பெயர்: லாரி ஆட்லர்.

க்யூவில் முன்னாடி நிற்கணும் என்று தாத்தா மாற்றின பெயர், பேரனை அந்த வரிசையின் முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தியது.

தடை எப்படி வேலை செய்தது

இந்தத் தடைப் பட்டியலை எல்லாரும் ஒரு அரசாங்க உத்தரவு மாதிரி நினைத்துக்கொள்வாங்க. ஆட்லரை வாசிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விஷயம் வேறு இடத்தில் இருந்தது: ஸ்பான்சர்.

அன்றைய வானொலி, டிவி நிகழ்ச்சிகளுக்கு ஒரு சோப்புக் கம்பெனியோ கார் கம்பெனியோ முழுப் பணமும் கொடுக்கும். 1950 ஜனவரியில் எட் சல்லிவனின் டிவி நிகழ்ச்சியில் பால் டிரேப்பர் ஆடினார். ஸ்பான்சர் ஃபோர்டு. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. சல்லிவன் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தது. அதற்குப் பிறகு எந்தத் தயாரிப்பாளருக்கு இந்தத் தலைவலி தேவை? யாரும் 'உனக்குத் தடை' என்று சொல்ல மாட்டார்கள். போன் வராது, அவ்வளவுதான். எதிர்த்து வழக்குப் போடக்கூட ஒரு ஆள் கிடைக்க மாட்டார்.

இது ஸ்பான்சரின் பயத்தில் ஓடின இயந்திரம்தான் என்பதற்கு ஒரு தடயம் இருக்கு. 1952 மே மாதம் ஆட்லர் நியூயார்க் டவுன் ஹாலில் வாசித்தார். அதே நாடு, அதே ஆள், ஆனா டிக்கெட் வாங்கிக் கேட்கிற கச்சேரி. நடுவில் சோப்புக் கம்பெனி இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு கச்சேரியை வைத்து ஒரு குடும்பம் நடத்த முடியாது.

டிரேப்பர் சுவிட்சர்லாந்துக்குப் போனார். ஆட்லர் 1949-லேயே லண்டன் பக்கம் வந்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பலாம் என்று வந்த இடம், வீடாகிவிட்டது.

லண்டன் கொடுத்தது

லண்டன் அவரைக் கைவிடவில்லை. நியூயார்க் டவுன் ஹாலில் வாசித்தார் என்று சொன்னேனே, அன்று முதன்முறையாக அரங்கேறியது ரால்ஃப் வான் வில்லியம்ஸ் அவருக்காக எழுதிய 'ரொமான்ஸ்'. மவுத் ஆர்கன், தந்திக் கருவிகள், பியானோ. வான் வில்லியம்ஸ் என்றால் இங்கிலாந்து இசையின் பெரியவர். எழுதும்போது அவருக்கு 80 நெருங்கிவிட்டது. எந்தப் பொம்மைக் கருவியை மற்றவர்கள் தொடவில்லையோ, அதன் ஊதல், உறிஞ்சல் எல்லாம் புரிந்துகொண்டு எழுதினார். அதே ஆண்டு லண்டன் ப்ராம்ஸ் விழாவில் வாசித்தபோது, கூட்டம் விடாமல் திரும்பவும் வாசிக்கச் சொன்னது. 1954-ல் அதே விழாவில் மால்கம் ஆர்னால்டு அவருக்கென்றே எழுதிய கான்செர்ட்டோ அரங்கேறியது.

பிறகு சினிமா. 1953-ல் வந்த 'ஜெனவீவ்', லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓட்டை உடைசல் பழங்காலக் கார்களை ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிய காமெடி. பட்ஜெட் குறைவு, அதனால் சம்பளத்துக்குப் பதில் வசூலில் பங்கு என்று ஆட்லர் ஒத்துக்கொண்டார். படம் சூப்பர் ஹிட். அந்த மவுத் ஆர்கன் மெட்டு இங்கிலாந்து முழுக்க ஒலித்தது.

படம் அமெரிக்காவுக்குப் போனபோது, அங்கே ஓடிய பிரதிகளில் ஆட்லரின் பெயர் இல்லை. எடுத்துவிட்டார்கள். இசை இருந்தது. ஒரு சுரம்கூட வெட்டப்படவில்லை. பெயர் மட்டும் இல்லை.

1955 ஆஸ்கர் விழாவுக்கு 'ஜெனவீவ்' இசை பரிந்துரைக்கப்பட்டது. யார் பெயரில்? டைட்டிலில் இருந்த இசை இயக்குநர் மியூர் மாதிசன் பெயரில். அவர் இசைக்குழுவை நடத்தியவர், மெட்டுப் போட்டவர் இல்லை. விருது கடைசியில் டிமித்ரி டியாம்கினுக்குப் போனது. அவர் ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அவருக்குத் திறந்திருந்த அதே கதவு, பால்டிமோரில் பிறந்தவருக்கு மூடியிருந்தது.

கிட் லாக்

இங்கே சின்னதா என் கதை ஒண்ணு. முதல் வேலையில் நான் மூணு மாசம் உட்கார்ந்து எழுதின ஒரு மாட்யூல். ரிலீஸ் அன்னைக்கு வந்த பாராட்டு மெயிலில் நாலு பேர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. யாரும் வேணும்னு செய்யலைன்னுதான் நினைக்கிறேன். ஆனா அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து, கிட் லாகைத் திறந்து, ஒவ்வொரு கமிட்டிலும் என் பெயர் இருக்கிறதைப் பார்த்துட்டுத்தான் தூங்கினேன். சின்னப் பிள்ளைத்தனம்தான், தெரியும்.

ஆட்லருக்கு நடந்ததோடு இதை ஒப்பிடுறது ஓவர். என் பெயர் விட்டுப்போச்சு. அவர் பெயரைத் தெரிஞ்சே எடுத்தாங்க. ஆனா இந்த எபிசோடுக்குப் படிக்கும்போது எனக்குக் கேட்கத் தோணின கேள்வி அங்கிருந்துதான் வந்தது: அவருக்கு கிட் லாக் எது? அவர்தான் எழுதினார் என்று எங்கே பதிவாகியிருந்தது?

பதில்: இங்கிலாந்துப் பிரதியில். அங்கே டைட்டிலில் அவர் பெயர் எப்போதும் இருந்தது. குடிபோன நாடு அவருடைய லாகைப் பத்திரமாக வைத்திருந்தது. பிறந்த நாட்டில்தான் அதைத் திருத்தியிருந்தார்கள்.

1986-ல் ஆஸ்கர் அகாடமி தன் பதிவைச் சரிசெய்தது. மாதிசன் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பரிந்துரையை லாரி ஆட்லருக்கு உரியதாக அறிவித்தது. விழா நடந்து 31 ஆண்டுகள். அவருக்கு 72 வயது.

திரும்பப் போகாத வீடு

தடைக் காலம் முடிந்த பிறகு ஆட்லர் அமெரிக்காவில் மறுபடி வாசித்தார். கதவு திறந்துவிட்டது. ஆனால் அவர் குடியிருக்கத் திரும்பவில்லை. லண்டனிலேயே கச்சேரி, பத்திரிகைக் கட்டுரை, உணவகங்களைப் பற்றி விமர்சனம், பத்திரிகைகளுக்கு வம்புக் கடிதம் என்று வாழ்ந்தார். 1984-ல் சுயசரிதை எழுதினார்.

அவரை வெறும் பாதிக்கப்பட்டவராக மட்டும் பார்த்தால் கதை பாதிதான். ஆள் பெரிய வாயாடி. தனக்குத் தெரிந்த பிரபலங்களின் பெயரை எல்லாப் பேச்சிலும் இழுப்பார் என்று நண்பர்களே கிண்டல் செய்வார்கள். எனக்கு அதுகூட இப்போ வேற மாதிரித் தெரியுது. தன் பெயரை ஒரு தடவை அழிச்சுப் பார்த்தவர், கிடைக்கிற இடத்திலெல்லாம் அதை எழுதிவைக்கத்தான் பார்ப்பார்.

1994-ல் அவருக்கு 80 வயது நிறைந்ததைக் கொண்டாட ஒரு ஆல்பம் வந்தது: 'தி குளோரி ஆஃப் கெர்ஷ்வின்'. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்தார். எல்டன் ஜான், கேட் புஷ், ஷினேட் ஓ'கானர், ஸ்டிங் எல்லாரும் பாடினார்கள். ஒவ்வொரு பாட்டிலும் இவருடைய மவுத் ஆர்கன். இங்கிலாந்து ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. அந்த இசையை எழுதிய ஜார்ஜ் கெர்ஷ்வினை ஆட்லர் இளைஞராக இருந்தபோது நேரில் அறிந்தவர். அவரும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைதான்.

2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, 87 வயதில், லண்டனில் ஆட்லர் காலமானார்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்தினது அந்த அமெரிக்கப் பிரதிதான். அந்த மவுத் ஆர்கனுக்காக அரங்கில் சிரிச்சு, ரசிச்சு, மெட்டை முணுமுணுத்துக்கிட்டே வெளியே வந்த ஜனங்க அங்கேயும் இருந்திருப்பாங்க. அவங்களுக்குப் பிடிக்காம போன மனுஷனும், பிடிச்ச இசையும் ஒரே ஆள்தான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பெயரை எடுத்ததோட வேலையே அதுதான். ரசிக்கலாம், ஆனா யாரைன்னு தெரியக் கூடாது.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போனைப் போட்டுக்கிட்டு 'ஷேப் ஆஃப் மை ஹார்ட்' கேளுங்க. மவுத் ஆர்கன் வந்ததும் பாட்டை நிறுத்திட்டு, கிரெடிட்ஸைத் தேடிப் பாருங்க. அதில் அவர் பெயர் இருக்கும்.